நூற்றுக்கு எத்தனை? ஏற்றத் தாழ்வைக் கணக்கிடும் முறை

(வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர்)

"ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு" என்பது நம் முன்னோர் வாக்கு. எத்தனை அளந்தோம் என்று அறிந்தால் மட்டும் போதாது. சென்ற முறையைக் காட்டிலும் இம்முறை கூடியதா, குறைந்ததா, எவ்வளவு கூடியது, எவ்வளவு குறைந்தது என்பதையும் அறிதல் வேண்டும். பஞ்சாயத்தின் வரவு செலவாயினும் சரி, குடியானவரின் வீட்டுக் கணக்காயினும் சரி, முன்னேற்றத்தை அளக்கும் கோல் இந்த ஒப்பீடேயாகும்.

தமிழ்நாட்டில் ஆண்டுக்கு நான்கு முறை கூடிவந்த கிராம சபை, இனி ஆறு முறை கூட வேண்டும் என்று 2022ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. குடியரசு நாள், தொழிலாளர் நாள், சுதந்திர நாள், காந்தியடிகள் பிறந்த நாள் ஆகிய நான்குடன் மார்ச் 22ஆம் நாளும் நவம்பர் முதல் நாளும் சேர்ந்தன. நான்கு ஆறாயிற்று. இது நூற்றுக்கு எத்தனை உயர்வு? ஐம்பது என்று உடனே கூறியவர்களுக்கு இக்கட்டுரையின் முதற்பகுதி தேவையில்லை. முப்பத்து மூன்று என்றோ, இரண்டு என்றோ கூறியவர்கள் தொடர்ந்து படிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

கிராம சபையில் அறிக்கை வாசிக்கும்போது, "வரி வசூல் இத்தனை சதவிகிதம் உயர்ந்துள்ளது, மின்சாரச் செலவு இத்தனை சதவிகிதம் குறைந்துள்ளது" என்ற சொற்கள் அடிக்கடி காதில் விழுகின்றன. உயர்வு என்றால் மகிழ்கிறோம். குறைவு என்றால் கவலைப்படுகிறோம். ஆயினும் "எதில் இத்தனை சதவிகிதம்?" என்று எழுந்து கேட்பவர் அரியர். அந்த ஒரு கேள்வியைக் கேட்கக் கற்றுக்கொள்வதே இப்பாடத்தின் நோக்கம்.

நாம் அறிந்த கணக்கே

சதவிகிதம் என்றதும் இது படித்தவர்கள் கணக்கு என்று பலர் ஒதுங்கிவிடுகின்றனர். இது தவறான அச்சம். "நூற்றுக்கு இரண்டு வட்டி" என்று பேசிக் கடன் வாங்காத கிராமம் உண்டா? சதம் என்றால் நூறு. விகிதம் என்றால் வீதம். நூறு ரூபாய்க்கு மாதம் இரண்டு ரூபாய் என்பது மாதம் இரண்டு சதவிகிதம். வட்டியை மாதந்தோறும் கொடுத்து வந்தால் ஆண்டுக்கு இருபத்து நான்கு சதவிகிதம். எழுதப் படிக்கத் தெரியாத மூதாட்டியும் இக்கணக்கை மனத்திலேயே போட்டுவிடுவார்.

நம் பழைய பின்னக் கணக்கும் இங்கே துணை நிற்கும். அரை என்பது ஐம்பது சதவிகிதம். கால் என்பது இருபத்தைந்து. அரைக்கால் என்பது பன்னிரண்டரை. வீசம் என்பது ஆறே கால். இந்நான்கையும் நினைவில் வைத்துக்கொண்டால், பிறர் கூறும் சதவிகிதம் ஏறக்குறையச் சரிதானா என்பதை நொடியில் சோதித்துவிடலாம்.

நூற்றுக்கு வீதம் ஏன் பார்க்க வேண்டும்? ஒருவர் சென்ற ஆண்டு 40 மூட்டை கண்டார். இவ்வாண்டு 44 மூட்டை. அவருடைய அண்டை வயல்காரர் 10 மூட்டை கண்டார். இவ்வாண்டு 12 மூட்டை. மூட்டைக் கணக்கில் முன்னவருக்கு நான்கு கூடியது, பின்னவருக்கு இரண்டே கூடியது. ஆயினும் முன்னவருக்கு நூற்றுக்குப் பத்து வீதமும், பின்னவருக்கு நூற்றுக்கு இருபது வீதமும் உயர்வு. சமமில்லாத இரண்டைச் சமமான தட்டில் வைத்துப் பார்ப்பதற்கே நூறு என்ற பொது அளவு ஏற்பட்டது.

மூன்று படிகள்

கணக்கிடும் முறை மூன்றே படிகளில் அடங்கும்.

முதற்படி: புதிய எண்ணிலிருந்து பழைய எண்ணைக் கழிக்க. கிடைப்பது மாறுதல்.
இரண்டாம் படி: மாறுதலைப் பழைய எண்ணால் வகுக்க.
மூன்றாம் படி: வந்த ஈவை நூறால் பெருக்க.

விடை கூட்டல் குறியுடன் வந்தால் உயர்வு. கழித்தல் குறியுடன் வந்தால் தாழ்வு.

நெல்லின் விலையைக் கொண்டு இதனைச் செய்து பார்ப்போம். சாதாரண ரக நெல்லுக்கு மத்திய அரசாங்கம் அறிவித்த குறைந்தபட்ச ஆதரவு விலை, குவிண்டாலுக்கு 2022-23இல் 2,040 ரூபாய். 2023-24இல் 2,183 ரூபாய். மாறுதல் 143 ரூபாய். இதனை 2,040ஆல் வகுத்து நூறால் பெருக்கினால் ஏறக்குறைய 7 வருகிறது. ஆகவே உயர்வு 7 சதவிகிதம். வீசத்தைக் கொண்டு சோதிப்போம்: 2,040இல் வீசம் 127 ரூபாய் 50 காசு. 143 அதனினும் சற்று அதிகம். எனவே விடை ஆறே காலுக்குச் சற்று மேலே இருக்க வேண்டும்; ஏழு பொருந்துகிறது.

இதே விலை 2017-18இல் 1,550 ரூபாயாக இருந்து 2018-19இல் 1,750 ரூபாயாயிற்று. மாறுதல் 200. இதனை 1,550ஆல் வகுத்தால் 12.9 சதவிகிதம். அரைக்காலுக்குச் சற்றே அதிகம்.

இனி ஒரு தாழ்வைக் காண்போம். தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை இயல்பாக ஏறக்குறைய 440 மில்லிமீட்டர் பெய்யும் என்று அப்போது கணக்கிடப்பட்டிருந்தது. 2016ஆம் ஆண்டில் பெய்ததோ சுமார் 168 மில்லிமீட்டரே. குறைவு 272. இதனை 440ஆல் வகுத்தால் ஏறக்குறைய 62 சதவிகிதக் குறைவு. வானிலை ஆய்வுத் துறையினர் இயல்பை அடிப்படையாக வைத்து, 19 சதவிகிதம் வரை கூடினாலும் குறைந்தாலும் இயல்பான மழை என்றும், 20 முதல் 59 வரை குறைந்தால் குறைவான மழை என்றும், 60க்கு மேல் குறைந்தால் மிகக் குறைவான மழை என்றும் வகைப்படுத்துகின்றனர். அவ்வாண்டு மழை கடைசி வகையில் விழுந்தது. 2017 ஜனவரியில் மாநிலத்தின் மாவட்டங்கள் அனைத்தும் வறட்சிப் பகுதிகளாக அறிவிக்கப்பட்டன.

எந்த எண்ணால் வகுப்பது?

இரண்டு எண்கள் முன்னே இருக்கும்போது, எதனால் வகுப்பது என்ற இடத்திலேதான் பெரும்பாலோர் தடுக்கி விழுகின்றனர். நானும் விழுந்தவனே. அதனை மறைப்பதற்கில்லை.

இயற்கைச் சீற்றத்தால் பயிர் இழந்தவர்களுக்கு அரசாங்கம் இடுபொருள் உதவித்தொகை வழங்குகிறது. நூற்றுக்கு ஐம்பது வீதமோ அதற்கு மேலோ சேதம் இருந்தால்தான் உதவி என்றிருந்த விதி 2015ஆம் ஆண்டில் தளர்த்தப்பட்டு, நூற்றுக்கு 33 வீதம் சேதமே போதும் என்றாயிற்று. அதன் பிறகு ஓர் ஆண்டு, கதிர் முற்றும் தறுவாயில் பெய்த பெருமழையில் ஒரு கிராமத்தின் சம்பாப் பயிர் நீரில் மூழ்கியது. நான் அப்போது ஒன்றிய அலுவலகத்தில் பணியாற்றிவந்தேன். வயல்களைப் பார்வையிட்ட குழுவினருக்குத் துணையாக என்னை அனுப்பினார்கள். அவர்கள் வயல் வயலாகக் குறித்துத் தந்ததைக் கழித்து, வகுத்துப் பட்டியல் எழுதும் வேலை என்னுடையது.

அவ்வூரில் ஏக்கருக்கு 30 மூட்டை இயல்பான மகசூல் என்று கொள்ளப்பட்டது. ஒரு வயலில் 22 மூட்டை தேறும் என்று மதிப்பிட்டிருந்தனர். இழப்பு 8 மூட்டை. நான் அந்த எட்டை, எஞ்சிய 22ஆல் வகுத்தேன். 36 சதவிகிதம் வந்தது. உதவிக்குத் தகுதி என்று எழுதினேன். செய்ய வேண்டியதோ எட்டை முப்பதால் வகுப்பது. அப்படிச் செய்திருந்தால் 26.7 சதவிகிதமே வந்திருக்கும், தகுதி இல்லை. பட்டியல் முழுவதையும் இவ்வாறே எழுதி முடித்தேன். தகுதியற்ற பலர் உள்ளே வந்துவிட்டனர்.

மேலதிகாரிகளின் சரிபார்ப்பில் பிழை வெளிப்பட்டது. சில பெயர்களை மட்டும் நீக்கி எஞ்சியவற்றை அனுப்புவதற்கில்லை. பட்டியலே திரும்பி வந்தது. மறுபடியும் வயல்வாரியாகக் கணக்கிட்டு, மறுபடியும் கையொப்பங்கள் பெற்று அனுப்புவதற்குள் அடுத்த விதைப்பு வந்துவிட்டது. பத்து மூட்டையும் ஐந்து மூட்டையும் எஞ்சிய உண்மையான பாதிக்கப்பட்டோர், விதைக்கும் உழவுக்கும் நூற்றுக்கு மூன்று வட்டிக்குக் கடன் வாங்கினார்கள். தொகை பின்னர் வந்தது. ஆனால் அவர்கள் கொடுத்த வட்டியை யாரும் திருப்பிக் கொடுக்கவில்லை.

திருத்திய பட்டியலுக்குக் கையொப்பம் வாங்கச் சென்றபோது, பயிர் முழுவதையும் இழந்த ஒரு பெரியவரிடம் நடந்த தவறை விளக்கினேன். மிஞ்சியதைக் கொண்டு வகுத்துவிட்டேன் என்றேன். அவர் சற்று யோசித்துவிட்டு, "என் வயலில் மிஞ்சியது ஒன்றுமில்லையே, தம்பி. இல்லாததைக் கொண்டு எப்படி வகுத்தீர்கள்?" என்று கேட்டார்.

எனக்கு விடை கூற வாய் வரவில்லை. அவருடைய வயலுக்கு எதிரே, வகுத்துப் பாராமலே, 'நூறு' என்று எழுதியிருந்தேன். முழு இழப்பு என்றால் நூறு என்பது கண்ணுக்குத் தெரிந்ததுதானே! நான் கைக்கொண்ட முறைப்படி முப்பதைச் சைபரால் வகுக்க வேண்டியிருந்திருக்கும். அப்படி வகுக்க இயலாது. அந்த ஒரு வரியில் சற்று நின்றிருந்தால், முறையே தவறு என்பது அன்றே புலப்பட்டிருக்கும். பட்டதாரியான எனக்குத் தோன்றாத கேள்வி அப்பெரியவருக்குத் தோன்றிற்று.

ஆகவே நெஞ்சில் நிறுத்த வேண்டிய விதி இதுவே: மாறுதல் எங்கிருந்து தொடங்கியதோ, அந்த எண்ணே வகுக்கும் எண். முன்னே இருந்தது எது, அல்லது இயல்பாக இருந்திருக்க வேண்டியது எது என்று கேட்க வேண்டும். இதனையே 'அடிப்படை எண்' என்கிறோம். இன்று கைபேசியில் வகுத்தலும் பெருக்கலும் நொடியில் முடிகின்றன. ஆனால் எந்த எண்ணால் வகுப்பது என்பதைக் கைபேசி கூறாது. அதனை நாம்தான் தீர்மானிக்க வேண்டும்.

இறங்கிய படியும் ஏறும் படியும்

மகசூல் 30 மூட்டையிலிருந்து 20 மூட்டையாகக் குறைந்தால் தாழ்வு 33⅓ சதவிகிதம். மறு ஆண்டு அதே 33⅓ சதவிகிதம் உயர்ந்தால் பழைய நிலை வந்துவிடுமா? வராது. இப்போது அடிப்படை 20. அதில் மூன்றில் ஒரு பங்கு 6⅔ மூட்டைதான். ஆக 26⅔ மூட்டையே கிடைக்கும். முப்பதை மீண்டும் எட்ட வேண்டுமானால் 50 சதவிகித உயர்வு வேண்டும்.

10 சதவிகிதம் இறங்கியதை மீட்க 11 சதவிகிதத்துக்குச் சற்று மேல் ஏற வேண்டும். 20 இறங்கினால் 25 ஏற வேண்டும். 25 இறங்கினால் 33⅓ ஏற வேண்டும். 50 இறங்கினால் 100 ஏற வேண்டும். "சென்ற ஆண்டு முப்பது சதவிகிதம் குறைந்தது உண்மைதான், இவ்வாண்டு முப்பது சதவிகிதம் உயர்ந்து ஈடாகிவிட்டது" என்று யாரேனும் அறிக்கை வாசித்தால், ஈடாகவில்லை என்று நீங்கள் எடுத்துரைக்கலாம். நூறு மூட்டை எழுபதாகி, எழுபது தொண்ணூற்றொன்றாகியிருக்கும். ஒன்பது மூட்டை இன்னும் பாக்கி.

அடுத்தடுத்த உயர்வுகள்

ஊரக வேலை உறுதித் திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு அறிவிக்கப்பட்ட நாட்கூலி 2022-23இல் 281 ரூபாய். 2023-24இல் 294 ரூபாய். 2024-25இல் 319 ரூபாய். முதல் உயர்வு 4.6 சதவிகிதம். இரண்டாம் உயர்வு 8.5 சதவிகிதம். இரண்டையும் கூட்டினால் 13.1. ஆனால் 281இலிருந்து 319க்கு நேராகக் கணக்கிட்டால் 13.5 வருகிறது. ஏன் இந்த வேறுபாடு? இரண்டாவது உயர்வுக்கு அடிப்படை 281 அன்று, 294. முன்னே ஏறியதன் மீதும் பின்னே ஏறியிருக்கிறது.

இதனை நாம் வேறொரு பெயரால் நன்கு அறிவோம்: வட்டிக்கு வட்டி. மாதம் நூற்றுக்கு இரண்டு என்ற கடனில், வட்டியைக் கொடாமல் அசலோடு சேர்த்துக்கொண்டே போனால், ஆண்டு முடிவில் நூறு ரூபாய் 124 ரூபாயாக நிற்பதில்லை. ஏறக்குறைய 126 ரூபாய் 82 காசாகிறது. தள்ளுபடிகளும் அப்படியே. இருபது சதவிகிதம் தள்ளி, அதன் மேல் பத்து சதவிகிதம் தள்ளினால் மொத்தத் தள்ளுபடி முப்பது அன்று. நூறு எண்பதாகி, எண்பது எழுபத்திரண்டாகி, இருபத்தெட்டே ஆகும்.

வேறுவேறு அடிப்படைகளைக் கழிக்கலாகாது

விலை 7 சதவிகிதம் உயர்ந்தது. சாகுபடிச் செலவு 10 சதவிகிதம் உயர்ந்தது. ஆகவே குடியானவருக்கு 3 சதவிகிதம் நஷ்டம் என்று கூறலாமா? கூறலாகாது. ஓர் ஏக்கரில் 18 குவிண்டால் விளைவதாகவும், செலவு 25,000 ரூபாயிலிருந்து 27,500 ரூபாயாக உயர்ந்ததாகவும் வைத்துக்கொள்வோம். முன்னே கண்ட விலைப்படி வரவு 36,720 ரூபாயிலிருந்து 39,294 ரூபாயாகிறது. வரவில் கூடியது 2,574. செலவில் கூடியது 2,500. மிச்சம் 11,720 ரூபாயிலிருந்து 11,794 ரூபாயாகிறது. நஷ்டம் இல்லை, லாபம் என்று பெருமைப்படுவதற்கும் இல்லை. ஓராண்டு உழைப்பின் பின் 74 ரூபாயே கூடியது. விலையின் ஏழும் செலவின் பத்தும் வேறுவேறு தொகைகளின் மீது நிற்பவை. அவற்றை நேருக்கு நேர் கழிப்பது மரக்காலையும் முழக்கோலையும் கழிப்பது போலாகும். இத்தகைய இடங்களில் சதவிகிதத்தை விட்டு ரூபாய்க்குத் திரும்பிவிடுவதே முறை.

சதவிகிதமும் சதவிகிதப் புள்ளியும்

1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் பஞ்சாயத்துகளில் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் ஒதுக்கியது. 2016ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி அது பாதியாக உயர்த்தப்பட்டது. 12 வார்டுகள் கொண்ட பஞ்சாயத்தில் நான்கு இடம் ஆறு இடமாயிற்று எனலாம். இடங்களின் எண்ணிக்கையில் இது 50 சதவிகித உயர்வு. ஆனால் ஒதுக்கீடு 33⅓ சதவிகிதத்திலிருந்து 50 சதவிகிதத்துக்கு உயர்ந்தது. இவ்விரண்டுக்கும் இடையே உள்ள தூரம் 16⅔. இந்தத் தூரத்தைச் 'சதவிகிதப் புள்ளி' என்று கூற வேண்டும். இரண்டும் உண்மையே, இரண்டும் ஒன்றன்று.

கடன் வட்டியிலும் இதனைக் காணலாம். மத்திய அரசாங்கத்தின் வட்டி மானியத் திட்டத்தில் 7 சதவிகித வட்டிக்குப் பயிர்க்கடன் பெற்று, உரிய நாளில் திருப்பிச் செலுத்துவோருக்கு 3 சதவிகிதப் புள்ளி சலுகை கிடைத்து, வட்டி 4 ஆகிறது. ஒரு லட்சம் ரூபாய்க்கு ஆண்டு வட்டி 7,000 ரூபாய்க்குப் பதில் 4,000 ரூபாய். குறைந்தது மூன்று புள்ளிதான். ஆனால் வட்டிச் சுமையில் ஏறக்குறைய 43 சதவிகிதம் குறைகிறது. "மூன்றுதானே" என்று தவணை தவறுபவர்கள் இதனைக் கருத்தில் கொள்ள வேண்டும்.

சிறிய அடிப்படையின் மயக்கம்

ஒரு குக்கிராமத்தில் இரண்டு வீடுகளுக்கு மட்டும் குடிநீர் இணைப்பு இருந்தது; இப்போது எட்டு வீடுகளுக்கு உண்டு. உயர்வு 300 சதவிகிதம். அடுத்த கிராமத்தில் 400 வீடுகளுக்கு இருந்தது, இப்போது 480. உயர்வு 20 சதவிகிதம். முன்னூறு என்ற எண்ணைக் கேட்டு மயங்கி, முதல் கிராமம் தன்னிறைவு அடைந்துவிட்டது என்று நிதியை வேறிடம் திருப்பினால், அங்கே குடத்துடன் நடக்கும் பெண்களுக்கு யார் பதில் கூறுவது? அடிப்படை மிகச் சிறியதாக இருக்கும்போது சதவிகிதம் மிகப் பெரியதாகத் தோன்றும். ஆகவே சதவிகிதத்துடன், மொத்த வீடுகள் எத்தனை, இணைப்பு உள்ளவை எத்தனை என்ற எண்களையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

சதவிகிதங்களைச் சராசரி எடுக்கும்போதும் இதே எச்சரிக்கை தேவை. மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் கிராமப்புற மக்கள் 2001இல் 3,49,21,681, 2011இல் 3,72,29,590. உயர்வு 6.6 சதவிகிதம். நகர்ப்புற மக்கள் 2,74,83,998 என்பதிலிருந்து 3,49,17,440 ஆயினர். உயர்வு 27 சதவிகிதம். இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் 16.8 வரும். ஆனால் மாநிலம் முழுவதற்கும் உண்மை உயர்வு 15.6 சதவிகிதமே. கிராமத் தட்டில் மக்கள் அதிகம் இருந்தமையால், விடை அத்தட்டின் பக்கம் சாய்ந்தது.

எதனை அளக்கிறோம்?

அடிப்படை எண் சரியாக இருந்தாலும், அளக்கப்படும் பொருள் எது என்பதில் மயக்கம் நேரலாம். மேட்டூர் அணையின் முழு நீர்மட்டம் 120 அடி. முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி., அதாவது 9,347 கோடி கன அடி. நீர்மட்டம் 100 அடியாக இருக்கும்போது இருப்பு சுமார் 65 டி.எம்.சி. நூறு அடியிலிருந்து நூற்றிருபது அடிக்கு மட்டம் உயர்ந்தால், உயரத்தில் 20 சதவிகித உயர்வு. நீரிலோ ஏறக்குறைய 44 சதவிகித உயர்வு. காரணம் எளிது. பள்ளத்தாக்கு அடியில் குறுகி, மேலே செல்லச் செல்ல அகன்றிருக்கிறது. மேலே ஏறும் ஒவ்வோர் அடியும் கீழே உள்ள அடியைக் காட்டிலும் அதிக நீரைக் கொள்ளும். இறங்கும்போதும் அவ்வாறே: மேலே இருபது அடி இறங்கினால், உயரத்தில் ஆறில் ஒரு பங்கே போகிறது, நீரில் ஏறக்குறைய முப்பது சதவிகிதம் போய்விடுகிறது. நாளிதழில் அடிக் கணக்கைப் பார்த்து நாற்று விடுபவர்கள், டி.எம்.சி. கணக்கையும் பார்ப்பது நலம். நம் ஊர் ஏரிக்கும் குளத்துக்கும் இது பொருந்தும்.

பின்னோக்கிச் செல்லும் கணக்கு

வரி 20 சதவிகிதம் உயர்ந்து இப்போது 600 ரூபாய் என்றால், முன்பு எவ்வளவு? 600இல் இருபது சதவிகிதமான 120ஐக் கழித்து 480 என்று கூறுவது தவறு. அந்த இருபது பழைய வரியின் மீது ஏற்பட்டது; புதியதன் மீது அன்று. பழைய வரி நூறானால் புதியது நூற்றிருபது. ஆகவே 600ஐ 120ஆல் வகுத்து நூறால் பெருக்க வேண்டும். விடை 500 ரூபாய்.

கிராம சபையில் கேட்க வேண்டியவை

அறிக்கையில் ஒரு சதவிகிதம் வாசிக்கப்பட்டவுடன், அங்கத்தினர்கள் இவ்வைந்து கேள்விகளையும் மனத்தில் கொள்வார்களாக:

1. எதில் இத்தனை சதவிகிதம்? அடிப்படை எண் யாது?
2. எந்த ஆண்டோடு ஒப்பிடப்பட்டது? அவ்வாண்டு இயல்பான ஆண்டா, வறட்சி ஆண்டா?
3. சதவிகிதமா, சதவிகிதப் புள்ளியா?
4. உண்மை எண்கள் இரண்டும் எவை?
5. அளக்கப்பட்டது நமக்கு வேண்டிய பொருள்தானா?

இரண்டாம் கேள்வியை இலேசாக எண்ண வேண்டாம். வறட்சி ஆண்டை அடிப்படையாக்கினால் எந்த மகசூலும் பெரும் முன்னேற்றமாகத் தோன்றும். செழிப்பான ஆண்டை அடிப்படையாக்கினால் நல்ல மகசூலும் வீழ்ச்சியாகத் தோன்றும்.

பயிற்சிக் கணக்குகள்

1. ஒரு பஞ்சாயத்தின் வீட்டு வரி வசூல் 1,20,000 ரூபாயிலிருந்து 1,38,000 ரூபாயாயிற்று. உயர்வு என்ன?
2. ஒரு கறவை மாடு நாளொன்றுக்கு 8 லிட்டர் பால் தந்தது; இப்போது 6 லிட்டர் தருகிறது. தாழ்வு என்ன? பழைய நிலை வர எத்தனை சதவிகிதம் உயர வேண்டும்?
3. தெரு விளக்குகளை மாற்றியதால் மின்சாரச் செலவு 40 சதவிகிதம் குறைந்து 9,000 ரூபாயாயிற்று. முன்பு எவ்வளவு?
4. 60 அடி ஆழமுள்ள கிணற்றில் சென்ற கோடையில் 40 அடியில் நீர் இருந்தது. இக்கோடையில் 50 அடியில் இருக்கிறது. நீருக்கு இறங்கும் ஆழம் எத்தனை சதவிகிதம் கூடியது? கிணற்றில் நிற்கும் நீரின் உயரம் எத்தனை சதவிகிதம் குறைந்தது?

விடைகள்: (1) 15 சதவிகிதம். (2) தாழ்வு 25, மீள 33⅓. (3) 15,000 ரூபாய். (4) ஆழம் 25 சதவிகிதம் கூடியது. நீர் இருபது அடியிலிருந்து பத்தடியாகி 50 சதவிகிதம் குறைந்தது.

நான்காம் கணக்கைச் சற்று ஆழ்ந்து நோக்குங்கள். இருபத்தைந்து என்று கேட்டவர் அடுத்த போகத்துக்கும் அதே பயிரை வைப்பார். ஐம்பது என்று கேட்டவர் நீர் குறைவாகத் தேவைப்படும் பயிரை நாடுவார். கிணறு ஒன்றே, கயிறும் ஒன்றே. கேள்வி மாறியதால் முடிவு மாறுகிறது.

பட்டியல்களும் அறிக்கைகளும் எங்களைப் போன்ற அலுவலர்களால் எழுதப்படுகின்றன. எழுதுபவர் மனிதரே; தவறுவதும் உண்டு. அத்தவறு காகிதத்தில் இருக்கும்போதே கண்டுபிடிக்கப்படுமானால், ஒரு கோடு அடித்துத் திருத்திவிடலாம். வயலுக்குச் சென்ற பிறகு திருத்துவது எளிதன்று. ஆகவே அடுத்த கிராம சபையில் ஒரு சதவிகிதம் வாசிக்கப்படும்போது, தயங்காமல் எழுந்து, "எதில் நூற்றுக்கு இத்தனை?" என்று கேளுங்கள். கேட்பது குற்றம் காண்பதாகாது. பஞ்சாயத்துக்குச் செய்யும் தொண்டேயாகும்.